லயமும் வீடும்

வினையின் முதனிலை நீண்டு பெயராகும் சொற்கள் தமிழிற் பல. ‘கெடு’ கேடு ஆகிறது. ‘படு’ பாடு ஆகிறது. ‘விடு’ வீடு ஆகிறது. இவற்றை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர் இலக்கணிகள். பத்தாம் வகுப்பு மாணவனும் இவ்விதியைப் பிழையின்றி ஒப்புவிப்பான். ஆயினும், உண்டு உறங்கும் இடத்துக்கும் பிறவித் தளை நீங்கிய பேற்றுக்கும் நம் முன்னோர் ஒரே சொல்லை வைத்த காரணம் யாது என வினவினால், மாணவன் மட்டுமன்றி ஆசிரியனும் சற்றுத் தயங்குவான். தலையில் ஏற்ற சுமையையும் பகலெல்லாம் பூண்ட தொழிலையும் விட்டு வந்து இருக்கும் இடம் வீடு. பற்று யாவும் விட்ட நிலையும் வீடு. விடுதல் இரண்டுக்கும் பொது. தளை உள்ள ஓரிடத்தை வீடு என்று சொல்ல அச்சொல்லின் பிறப்பே இடந்தராது.

நம் மலைநாட்டிலோ, மக்கள் குடியிருக்கும் இடத்துக்கு வேறொரு சொல் வழங்கி வருகிறது. வரிசையாகக் கட்டிய அறைகளை ஆங்கிலேயத் துரைமார் ‘லைன்’ என்றனர். அது நம்மவர் நாவில் லயன் ஆகி, லயம் ஆயிற்று. வடமொழியில் லயம் என்பதற்கு ஒடுக்கம், ஒன்றினுள் ஒன்று கரைதல் என்பன பொருள். இசைவாணர் அதனைத் தாளத்தின் நடைக்கு வழங்குவர். இவ்வொலி ஒற்றுமை தற்செயலானதே. ஆனாலும், ஒடுக்கம் என்ற பொருள் அந்தப் பத்தடி அறைக்கு மிக நன்றாகப் பொருந்திவிட்டது.

லயத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழி யாது? எந்த ஊரில், எந்தத் தெருவில், எவர் அயலில் நாம் குடியேறுவது? வேறு பல நாட்டாருக்கு இஃது அன்றாடக் கேள்வி. சம்பளத்தையும் வாடகையையும் கூட்டிக் கழித்து ஒரு மாலைப் பொழுதில் விடை கண்டுவிடுவர். மலையகத் தமிழருக்கு அது புதிய கேள்வி. நம் பாட்டன்மாரை நோக்கி ஒருவரும் அதனைக் கேட்டதில்லை. கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்லிப் பழகாதவர்கள் இன்று திடீரென அதன்முன் நிற்கின்றோம். ஆதலின் அதனைச் சிறிது விரிவாக ஆராய்வது தகும்.

தேயிலை தேர்ந்த இடங்கள்

பழைய அகப்பொருள் நூலார் நிலத்தைப் பகுத்தபோது, அவ்வந் நிலத்து மக்கள் வாழும் இடத்துக்கும் பெயர் தந்தனர். முல்லைக்குப் பாடி, மருதத்துக்கு ஊர், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும், குறிஞ்சிக்குச் சிறுகுடி. இலங்கையின் குறிஞ்சி நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த குடியிருப்புகளோ எந்த நூலாரின் பகுப்பிலும் அடங்குவனவல்ல. முதலிற் கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் ஏற்ற சரிவு எது என்று பார்த்தார்கள். ஸ்டோருக்கு நீர் எங்கே, பெரட்டுக்களம் எங்கே என்று பார்த்தார்கள். எஞ்சிய இடத்தில் லயம் எழுந்தது. தோட்டத்தின் பிரிவுகளுக்கு இன்றும் வழங்கும் பெயர்களைக் கேளுங்கள்: மேற்கணக்கு, நடுக்கணக்கு, பணியகணக்கு. மனிதர் பிறந்து வளர்ந்து மடியும் இடத்துக்குக் கணக்கு என்று பெயர்! ஏட்டிலிருந்து நிலத்துக்கு வந்த பெயர் அது.

புகையிரதப் பாதையும் அவ்வாறே வந்தது. 1867இல் கண்டியை எட்டிய பாதை, 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் ஏறி, 1924இல் பதுளையில் நின்றது. மலையில் விளைந்ததைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் தலையாய நோக்கம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஒரு சிறு பாதையும் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறந்த அதனை 1940களில் மூடிவிட்டார்கள். மாவட்டத் தலைநகராகிய நுவரெலியாவுக்கு இன்று புகையிரதம் இல்லை. நானுஓயாவில் இறங்கி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் செல்ல வேண்டும். சரக்கின் தேவை குன்றியதும் பாதையும் போயிற்று. அதில் ஏறி இறங்கிய மனிதரைக் கருதி எவரும் அதனை வைத்திருக்கவில்லை.

எனினும், எஞ்சிய பெரும்பாதையை மக்கள் தமதாக்கிக்கொண்டனர். நிலையத்தை ஒட்டிக் கடைத்தெரு தோன்றியது. கடைத்தெருவை ஒட்டிக் கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் பாடசாலையும் எழுந்தன. தேயிலைப் பெட்டிக்காகப் போட்ட தண்டவாளத்தின்மேல் பிள்ளைகள் பாடசாலைக்குப் போயினர். நாவலப்பிட்டியிலிருந்து வட்டவளை, ரொசல்ல, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என்று மாலைபோல் கோத்து நிற்கும் ஊர்களெல்லாம் இவ்வாறு உயிர்பெற்றவையே. நாம் குடியேற இடந்தேடுவது பெரும்பாலும் இந்த மாலையின் மணிகளுக்குள்ளேதான்.

கூலியும் கூரையும்

தேர்வு என்பது ஏன் நமக்குப் புதிதாயிற்று? லயக்காம்பராவின் அமைப்பில் இதற்கு விடை உண்டு. 10 அடிக்கு 12 அடி அறை ஒன்று. முன்னே ஓர் இஸ்தோப்பு. அதன் மூலையிலோ பின்புறத்திலோ குசினி. ஒரே நெடுங்கூரையின் கீழ் இத்தகைய அறைகள் பத்தோ இருபதோ. சிலவிடத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசை. இடுக்கமான அறை துன்பமே. அதனினும் பெரிய துன்பம் ஒன்று இருந்தது. காம்பராவில் இருப்பவரின் பெயர் செக்றோலில் இருந்தாக வேண்டும். கூலியும் கூரையும் ஒரே முடிச்சாகக் கட்டப்பட்டிருந்தன. பெயரை வெட்டினால் உலை மட்டுமன்று, உலை வைக்கும் அடுப்பும் போய்விடும். நியாயம் கேட்டவன் முதலில் எண்ண வேண்டியது, இன்றிரவு பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்பதே.

மலையகத்தின் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்றவர் அவர். லயத்தில் இடமுள்ளவனையும் வீடற்றவன் என்று சொல்லலாம் என்பதை அப்பெயர் நமக்கு உணர்த்துகிறது. அவர் பாராளுமன்றம் சென்ற மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974இல் நடந்தது. நாடு எது என்பதையே பிறர் கூடி முடிவுசெய்த காலத்தில், ஊர் எது, தெரு எது என்று தேர்ந்தெடுக்கும் பேச்சுக்கு இடமேது? நாடற்றவர் என்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றபோதும், லயத்தில் இருந்தவருக்குக் காணி உறுதி கிட்டவில்லை. இத்துன்பம் நமக்கு மட்டும் உரியதன்று. மலாயாவில் 1950களிலும் 1960களிலும் பெரிய இரப்பர்த் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் வேலையையும் குடியிருப்பையும் ஒரே நாளில் இழந்தனர். கூரையைக் கூலியோடு கட்டிய இடமெங்கும் இதுவே முடிவு.

நிலைமை அண்மைக் காலத்தில் சற்று மாறியிருக்கிறது. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்னும் திட்டம் வந்தது. 7 பேர்ச்சஸ் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய அரசின் உதவியில் தோட்டப்பகுதிகளுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணிசெய்வதற்குத் தடையாயிருந்த 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. தனிக்கூரையும் தனிச்சுவரும் பெரும்பேறே. அதனைக் குறைத்துச் சொல்வது நன்றி கொன்றதாகும். ஆயினும், அந்தக் காணி எந்தக் கணக்கில், எந்தச் சரிவில் என்பதைத் தீர்மானிப்பவர் இன்றும் குடியிருக்கப் போகிறவர் அல்லர்.

இதற்கிடையே, தோட்டத்துப் பிள்ளைகள் கற்று ஆசிரியராகவும் தாதியராகவும் வங்கி எழுதுநராகவும் வணிகராகவும் ஆகிவிட்டனர். கூலியும் கூரையும் அவர்களளவில் பிரிந்துவிட்டன. எங்கே குடியிருப்பது என்ற கேள்வி அவர்கள்முன் வந்து நிற்கிறது.

ஐந்து ஊர்கள்

பாதையின் கீழ்முனையிலிருந்து தொடங்குவோம். நாவலப்பிட்டி தாழ்ந்த இடம், குளிர் குறைவு. கம்பளையும் கண்டியும் பேராதனைப் பல்கலைக்கழகமும் எட்டும் தொலைவில் உள்ளன. கதிரேசன் கல்லூரி அங்கே உள்ளது. பெரிய வைத்தியசாலைக்குக் கண்டி செல்ல நேர்ந்தால் இங்கிருந்து போவது எளிது. ஆனால் மேல்மலைத் தோட்டங்களில் பெற்றோரை விட்டு வந்தவருக்கு இவ்வூர் தொலைவாகத் தோன்றும்.

ஹட்டன் 4,000 அடிக்கு மேலே அமைந்த கூடல் நகர். கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கும் கொழும்புக்கும் ஒரு வழி. கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஒரு வழி. டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் ஒரு வழி. இவற்றோடு புகையிரதமும் உண்டு. ஹைலண்ட்ஸ் கல்லூரி, மாணிக்கப் பிள்ளையார் கோவில், அருகே டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை. கடைத்தெருவில் தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் ஒலிக்கும். குறை என்னவெனில் இடநெருக்கடி. மலைமுதுகில் ஒட்டிய நகரம் அகலப் பரவ இயலாது. மார்கழி முதல் வைகாசி வரை சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் கூட்டமும் இவ்வழியேதான். வாடகையும் அதற்கேற்ப ஏறும்.

கொட்டகலை, சிங்கமலைச் சுரங்கத்துக்கு இப்புறம் ஹட்டனை அடுத்து இருப்பது. ஆசிரியர் கலாசாலையும், அருகே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் இருப்பதால், கற்றோர் பலர் அங்கே குடியேறினர். புதிதாக அமைந்த கொட்டகலைப் பிரதேச சபைக்கு 2018இல் முதல் தேர்தல் நடந்தது. நெருக்கடி குறைவு, கடைகளும் குறைவு. பெரிய தேவைக்கு ஹட்டனையே நாட வேண்டும்.

தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, டயகமப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் வாயில். அருகே சென். கூம்ஸில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக ஊரின் ஒரு பகுதியினர் இடம்பெயர்ந்தனர். மஸ்கெலியாவின் பழைய நகரமோ 1960களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துள் முழுவதும் மூழ்கியது. நீர் வற்றும் ஆண்டுகளில் அங்கிருந்த கோவில் இன்றும் தலைகாட்டும். மலைநாட்டில் ஊர்களும் இடம்பெயரும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

நுவரெலியா 6,000 அடி உயரத்து மாநகரம். கச்சேரியும் மாவட்டப் பொது வைத்தியசாலையும் பெயர்பெற்ற பாடசாலைகளும் உண்டு. அரச அலுவல் செய்வோர்க்கும் மரக்கறி வணிகர்க்கும் ஏற்றது. ஆனால் குளிர் முதியோரின் எலும்பில் இறங்கும், ஏப்ரல் வசந்தகாலத்தில் வெளியூரார் கூட்டம் நெருக்கும், புகையிரதம் இல்லை.

இவ்வைந்தும் வேண்டா எனக் கொழும்புக்கே சென்று வத்தளையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் குடியேறுவோரும் உளர். கடையில் வேலைக்குச் சென்ற இளைஞன் அங்கேயே குடும்பம் ஆவதும் உண்டு. அவர்கள் தேர்வைப் பழிப்பதற்கில்லை. ஆனால் முதியோரை அங்கே பெயர்ப்பது எளிதன்று. பெரும்பாலும் பெற்றோர் லயத்திலும் பிள்ளைகள் கொழும்பிலுமாகக் குடும்பம் இரண்டாகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். ஹட்டனில் ஆசிரியர். மனைவி டிக்கோயா வைத்தியசாலையில் தாதி. பிள்ளைகள் இருவர். தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் தந்தை ஓய்வுபெற்று முழங்கால் வலியோடு இருந்தார். தாய் அன்றும் கொழுந்தெடுத்து வந்தார்.

“மூணு எடம் இருக்குங்க ஐயா. தோட்டத்துல அப்பா பேருக்கு ஏழு பேர்ச்சஸ் கெடைக்கும். கொட்டகலைப் பக்கம் சின்ன வீடு ஒண்ணு வெலைக்கு வருது. இல்லாட்டி ஹட்டன் டவுன்ல வாடகைக்கு இருக்கலாம். எதுன்னு முடிவு பண்ண முடியலீங்க” என்றார்.

ஒரு தாளை எடுத்து, வீட்டார் ஆறு பேரின் பெயரையும் எழுதச் சொன்னேன். ஒவ்வொருவரும் ஒரு கிழமையில் எங்கெங்கே போய்வர வேண்டும் என்பதை எதிரே எழுதுங்கள், பிறகு அதனை யாருடைய துணையுமின்றித் தாமே போய்வர முடியுமா என்று குறியிடுங்கள் என்றேன். வாடகையையும் விலையையும் அதுவரை எழுத வேண்டா என்றும் சொன்னேன்.

தாள் நிறைந்தபோது அவருக்கே வியப்பாயிற்று. தோட்டத்துக் காணியில் இருந்தால், மோட்டார்ச் சைக்கிள் வைத்திருந்த அவர் ஒருவரே எளிதில் போய்வருவார். இரவுப்பணி முடித்த மனைவிக்குத் தோட்டத்துக்குப் பஸ் இல்லை. முச்சக்கர வண்டிக்குக் கொடுத்து மாளாது. மேல்வகுப்புக்குப் போகும் மகள் மாலை வகுப்பை விட்டுவிட வேண்டும். ஹட்டன் நகரத்து மாடிவீட்டில் இருந்தால் இவையெல்லாம் தீரும். ஆனால் முழங்கால் வலியுள்ள தந்தை அந்தப் படிகளில் இறங்கவே மாட்டார். வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிடுவார். லயம் மாடிக்கு ஏறியது போலாகும். கொட்டகலை வீட்டிலிருந்து பஸ் நிற்குமிடமும் நிலையமும் நடக்கும் தொலைவு, வழியும் சமதரை. மாசியில் காமன் கூத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் தாய் தலவாக்கலை வரை புகையிரதத்தில் தனியாகவே போய்வரலாம்.

பணத்தின் கணக்கு அதற்குப் பிறகே வந்தது. அதுவும் எளிதாக இல்லை. மனைவியின் நகை அடைவுக்குப் போயிற்று. தோட்டத்துக் காணியைத் தம்பியின் குடும்பம் எடுத்துக்கொண்டது.

இக்கணக்கில் யான் கண்ட விதி ஒன்று உண்டு. வீட்டில் வலுவுள்ளவனுக்கு எந்த இடமும் ஏற்ற இடமே. மிகக் குறைவாக நடக்க வல்லவர் எவரோ, அவர் தாமாகப் போய்வரக்கூடிய இடமே அக்குடும்பத்துக்கு உரிய இடம். தெருவையும் நிலையத்தையும் அவருடைய கால்களால் அளக்க வேண்டும்.

கதவைத் தட்ட ஒருவர்

எல்லாம் முடிந்த பின்னும் தாய் மட்டும் இசையவில்லை. மகனோடு ஒருநாள் வந்திருந்தபோது என்னை நேரே கேட்டார்: “வாத்தியாரய்யா, லயத்துல ஒரு இருமல் சத்தம் கேட்டாலே அடுத்த காம்பராவுல இருந்து ஆள் வந்துரும். அங்க ராத்திரியில ஒரு ஆபத்துன்னா, நான் யாரு கதவைப் போய்த் தட்டுறது?”

இக்கேள்வியை முதுமையின் பிடிவாதம் என்று தள்ளுவதற்கில்லை. கொட்டகலைத் தெருவில் அவர்களுக்கு ஒருபுறம் சிங்களக் குடும்பம், மறுபுறம் முஸ்லிம் குடும்பம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களைக் கண்டவர் அந்தத் தாய். அக்காலத்தில் மலைநாட்டை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த குடும்பங்கள் பல. லயம் ஒடுக்கம்தான், ஆனால் ஒடுங்கியவர்கள் ஒன்றாயிருந்தார்கள். அந்த அணைப்பை விட்டு, மொழி வேறான அயலாரிடையே போய் இரு என்று சொல்வது சிறிய சொல் அன்று. அதே 1983இல் சிங்கள அயலார் பலர் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்ததும் உண்மையே. அயல் என்பது அச்சத்துக்கும் காரணம், காப்புக்கும் காரணம்.

பழந்தமிழ்ப் புலவர் பிசிராந்தையாரை நம் மாணவர் அறிவர். ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை தோன்றாமைக்கு அவர் காட்டிய காரணங்கள் புறநானூற்றில் உள்ளன. மனைவி, மக்கள், ஏவலர், அரசன் என அடுக்கி, முடிவில் தம் ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோரைச் சொல்கிறார். வீட்டின் நலத்தை ஊரின் நலத்தில் கொண்டுபோய் முடித்த அவ்வரிசை எண்ணிப் பார்க்கத் தக்கது. அவர் ஊரின் அழகைச் சொல்லவில்லை. அங்கு வாழும் மனிதரைச் சொன்னார்.

சிங்கப்பூரில், 1960இல் தொடங்கிய வீடமைப்புக் கழகம் கட்டிய அடுக்கு வீடுகளில் ஒவ்வோர் இனத்தாரும் இத்துணை விழுக்காடே இருக்கலாம் என்று 1989இல் வரம்பு வைத்தனர். பல இனத்தாரும் அயலாராக வாழ வேண்டும் என்பதே நோக்கம். அங்கே சட்டம் செய்ததை நம் மலைநாட்டுச் சிறுநகரங்களில் புகையிரத நிலையமும் கடைத்தெருவும் வாரச்சந்தையும் தாமாகவே செய்துவந்தன. சட்டம் வரிசையில் நிறுத்தும். பழக்கமோ மெல்லத்தான் வரும். அதற்குச் சிங்களம் நாலு சொல்லேனும் கற்க வேண்டும். அயலார் தமிழ் நாலு சொல் கற்க நாமும் இடம் தர வேண்டும்.

அந்தத் தாய்க்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை. விடை பின்னர் அவரிடமே வந்தது. குடியேறி ஓர் ஆண்டு செல்லுமுன், மழை இரவொன்றில் அவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அடுத்த வீட்டுச் சிங்களப் பெண்ணுக்குப் பேறுகால வலி. கணவன் ஊரில் இல்லை. தாதியாகிய மருமகள் இரவுப்பணிக்குப் போயிருந்தாள். லயத்தில் எத்தனையோ பேறு கண்ட கிழவியே எழுந்து போனார். வண்டி வரும்வரை அப்பெண்ணின் கையைப் பிடித்திருந்தார். மறுநாள் முதல் தாம் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை என்று மாணவர் சொன்னார்.

மண்ணையும் கேளுங்கள்

வழியும் அயலும் நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? மலைநாட்டில் மூன்றாவதாக மண்ணையும் கேட்க வேண்டும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. போவதற்கு வேறிடம் இல்லாதவர்க்கு எச்சரிக்கையால் என்ன பயன்? 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வாப் புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட துயரம் இன்னும் ஆறவில்லை. மண் சரிந்தது, புகையிரதப் பாதையும் பெருந்தெருக்களும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. ஒரே வழியை நம்பிய தோட்டங்கள் தீவுகள் போலாயின. வீட்டுக்கு வழி ஒன்றிருந்தால் போதாது, இரண்டு வேண்டும் என்பதை அந்நாள்கள் கற்பித்தன.

ஆகவே, காணி வாங்குவோர் விலை பேசுமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெறுவது கடன். மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் கடன். நிலத்தில் நீண்ட வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், புதிதாகக் கசியும் ஊற்று, திடீரெனக் கலங்கும் ஊற்றுநீர், காரணமின்றி இறுகும் கதவு இவையெல்லாம் மண் எழுதும் கடிதங்கள். அவற்றை வாசிக்க முதியோருக்குத் தெரியும். அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். காணிப் பதிவகத்தில் உறுதியின் வரலாற்றைச் சட்டத்தரணி கொண்டு தேடுவதையும் விடலாகாது. கடன்பட்டு வாங்கிய வீடு வழக்கில் மாட்டினால், லயத்தைவிடத் துன்பமாகிவிடும்.

போய்வருகிறேன்

தமிழர் விடைபெறும்போது ‘போகிறேன்’ என்று சொல்வது அமங்கலம். ‘போய்வருகிறேன்’ என்பதே மரபு. போவதும் வருவதும் ஒரே சொல்லாய் இணைந்து நிற்கின்றன. லயத்து வாழ்வில் இவ்விணைப்பு அறுந்திருந்தது. வேலையை விட்டுப் போனவன் காம்பராவுக்கு வர முடியாது. கப்பலேறிப் போனவன் மலைக்கு வர முடியாது. போக முடியாமையும், போனால் வர முடியாமையுமே நம் இருநூறாண்டுத் துயரின் சாரம். ஆதலின் மலையகத் தமிழன் இன்று தேடும் வீட்டுக்கு ஒரே இலக்கணம் சொல்லலாம்: தன் விருப்பத்தாற் போய்த் தன் விருப்பத்தால் வரக்கூடிய இடம் வீடு. உறுதியும் வழியும் அயலும் மண்ணும் எல்லாம் அந்தப் போய்வருதலுக்குத் துணை செய்பவையே.

இவ்விலக்கணப்படி, தோட்டத்துக்குள் கிடைக்கும் 7 பேர்ச்சஸும் வீடாகலாம். அதற்கு உறுதி கையில் வேண்டும், பஸ் வாசலருகே வர வேண்டும், மண் உறுதியாக வேண்டும். இவற்றைக் கேட்பது பேராசை அன்று. நகரத்துக்குப் பெயர வசதியுள்ளவர் சிலரே. பெயராமல் இருப்பவர் பலர். அவர்கள் இருக்கும் இடத்துக்கு வழி வரவேண்டும் என்று பேச, பெயர்ந்து வந்தவர்களே முதலில் கடமைப்பட்டவர்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் கடிதம் எழுதக் கற்பிக்கும்போது, மாணவர் தம் முகவரியை எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். தோட்டத்தின் பெயரையும் கணக்கின் பெயரையும் எழுதி நிறுத்திவிடும் பிள்ளைகள் இன்றும் உண்டு. தெருவும் இலக்கமும் இல்லாத முகவரி அது. கடிதம் தோட்ட அலுவலகத்தில் காத்துக் கிடக்கும். அப்பிள்ளைகளைத் தம் குடியிருப்பிலிருந்து பாடசாலை வரையுள்ள வழியைப் படமாக வரையச் சொல்லுங்கள். எங்கே பஸ் நிற்கிறது, எங்கே மண் சரிகிறது, எந்த இடத்தில் பாட்டி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள் என்பதையெல்லாம் அதில் குறிக்கச் சொல்லுங்கள். நாளை வீடு தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தப் படம் அவர்களுக்குப் பயன்படும். பிரதேச சபைக்கு விண்ணப்பம் எழுதும் நாளிலும் பயன்படும்.